பூத்து முடிந்த பிறகுதான் வேலையே: பாட்டியின் கிளாடியோலஸ் கிழங்குகள்

தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா, நண்பர்களே? 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. அதற்கடுத்த சீனப் பெருநாள் 2023 ஜனவரி 22. இடையே 90 நாள். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. சீனப் பெருநாள் 2024 பிப்ரவரி 10. அதுவும் 90 நாள். 2024-இல் அக்டோபர் 31. பிறகு 2025 ஜனவரி 29. மறுபடியும் 90 நாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சீனப் பெருநாளும் அமாவாசைக் கணக்கில்தான் வருகிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் மூன்று நிலவு மாதங்கள்.

என் பாட்டி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் இந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி. கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு துண்டு நிலத்தில் கிளாடியோலஸ் பூ வளர்த்தார். "தீபாவளி பலகாரம் தீர்றதுக்குள்ள கிழங்க மண்ணுல வெச்சிரணும். சீனப் பெருநாளைக்குப் பூ தயாரா இருக்கும்" என்பார். மலையின் குளிரில் அந்தப் பூ மலர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். பெருநாளுக்கு முந்திய வாரம் சாலையோரக் கடைக்காரர் ஒருவர் வந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போவாராம். என் அம்மாவின் பள்ளிச் சீருடைகள் பல அந்தப் பூப் பணத்தில் தைத்தவை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, முழங்கால் வலியால் தனியே இருக்க முடியாமல், பாட்டி கிள்ளானில் எங்களோடு வந்து சேர்ந்தார். கூடவே ஒரு சாக்குப் பையில் 42 கிழங்குகளும் வந்தன. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் வளர்ந்த செடி, கொளுத்தும் கிள்ளானில் பிழைக்குமா? உயிரியல் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு அது பாடக் கேள்வி. பாட்டிக்கோ அது வேறு கேள்வி. அந்தக் கிழங்குகளை அவருக்கு முதலில் கொடுத்தவர் பக்கத்து நிலத்தில் காய்கறி பயிரிட்ட ஒரு சீனப் பாட்டி. அவர் இன்று இல்லை. வெளிர் ரோஜா நிறம், தொண்டையில் ஒரு துளி சிவப்பு. அந்த ரகத்தின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எந்தக் கடையில் போய், என்ன பெயர் சொல்லி மறுபடியும் வாங்குவது? இந்தக் கிழங்குகள் அழிந்தால் அந்தப் பூவும் எங்களைப் பொறுத்தவரை அழிந்த மாதிரிதான்.

வாளின் பெயர் கொண்ட பூ

லத்தீன் மொழியில் 'கிளாடியஸ்' என்றால் வாள். கிளாடியோலஸ் என்றால் சிறுவாள். இலைகளைப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். மாண்டரினிலும் இதற்கு 'ஜியென் லான்' என்று பெயர். 'ஜியென்' என்றாலும் வாள்தான். இதன் பூக்கள் தண்டின் அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக மலரும். படிப்படியாக உயர்வதன் அடையாளமாகக் கருதி, சீனர்கள் இதைப் பெருநாளின்போது வீட்டில் வைக்கிறார்கள்.

உலகில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிளாடியோலஸ் இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. மிக அதிகமாகக் காணப்படுவது தென்னாப்பிரிக்காவில். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அந்தக் காட்டு இனங்களைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கியவையே இன்று பூக்கடையில் நாம் காணும் பெரிய பூ ரகங்களின் முன்னோர். அவற்றின் மூதாதையரில் முக்கியமானவை கோடையில் மழை பெய்யும் பகுதிகளில் வளர்ந்தவை. அங்கே மழைக்காலத்தில் செடி வளரும், பூக்கும். பிறகு வரும் குளிர்காலம் வறண்டது. அப்போது இலை காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும்.

இந்தச் செடியை வளர்க்க விரும்புபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்த உறக்கத்தைத்தான். நம் நாட்டில் மழை உண்டு, வெயில் உண்டு. வறண்ட குளிர்காலம் மட்டும் கிடையாது. அதை நாம்தான் ஏற்பாடு செய்துகொடுக்க வேண்டும்.

வெங்காயத்தின் உறவா, கெலாடியின் உறவா?

கிளாடியோலஸ் கிழங்கைப் பார்ப்பவர்கள் வெங்காயம் மாதிரி என்பார்கள். குறுக்கே வெட்டினால் வித்தியாசம் தெரியும். வெங்காயம் ஏடு ஏடாகப் பிரியும், அது குமிழம். கிளாடியோலஸின் உட்புறம் முழுக்கக் கெட்டியாக இருக்கும். அது கந்தம், அதாவது சேமிப்புக் கிடங்காகப் பருத்துவிட்ட தண்டு. நம் சமையலறையில் இருக்கும் கெலாடி என்ற சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் இதே வகைதான். குடும்பத்தால் உறவில்லை, உடலமைப்பால் ஒற்றுமை. ஆனால் கிளாடியோலஸ் கிழங்கைச் சமைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் இருக்கும் பையின்மேல் 'கறிக்கு அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நாம் நடுகிற கிழங்கைத் திரும்ப எடுக்க முடியாது என்பதுதான் இதில் சுவையான செய்தி. தன்னிடம் உள்ள சத்தையெல்லாம் இலைக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டு அது வற்றிப்போகும். அதன் தலைமேல் புதிய கிழங்கு ஒன்று உருவாகும். தடித்த, சுருங்கும் தன்மையுள்ள வேர்கள் அந்தப் புதிய கிழங்கைச் சரியான ஆழத்துக்கு இழுத்துப் பிடிக்கும். பழைய கிழங்குக்கும் புதியதுக்கும் இடையில் பட்டாணி அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் குட்டிக் கிழங்குகள் ஒட்டியிருக்கும். பாட்டி முப்பது ஆண்டுக்கு மேலாகக் காப்பாற்றி வந்தது ஒரே கிழங்கை அன்று; ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்து வரும் ஒரு பரம்பரையை.

நடும் முறை

எங்கள் வரிசை வீட்டின் பின்பக்கம் களிமண். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதால், மணலும் மட்கிய உரமும் கலந்து 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டினோம். நாளெல்லாம் வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். நிழலில் வளர்ந்தால் தண்டு மெலியும். மொட்டுகள் விரியாமலே கருகிவிடவும் கூடும்.

கிழங்கு வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். தட்டையாக அகன்ற கிழங்கைவிட, நடுவில் உயர்ந்து தடிமனாக இருப்பதே இளமையானது, வீரியமுள்ளது. முளை மேல்நோக்கி இருக்கும்படி 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், அதே அளவு இடைவெளி விட்டு நட வேண்டும். மேலாக நட்டால், பூத்தண்டின் கனத்தைத் தாங்காமல் செடி சாய்ந்துவிடும். செடி வளர வளர அடியில் மண் அணைப்பதும், ஒரு மூங்கில் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுவதும் நல்லது.

மூன்றாவது, நான்காவது இலை வெளிவரும் கட்டம் முக்கியமானது. வெளியே இலை மட்டும் தெரியும். உள்ளே பூத்தண்டு உருவாகத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் மண் காய்ந்தால் பூவின் எண்ணிக்கை குறையும். இரண்டு, மூன்று இலை வந்ததும் ஒருமுறை உரமிட வேண்டும். பூத்தண்டு எட்டிப் பார்க்கும்போது இன்னொரு முறை. மூன்றாவது முறை எப்போது தெரியுமா? பூ முடிந்த பிறகு. பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

2023 தீபாவளிக்கு மறுநாள் பாட்டி தன் வழக்கப்படி 42 கிழங்குகளையும் நட்டார். ஐந்து அழுகின. மற்றவை, கிள்ளான் வெப்பத்தில் அவசரப்பட்டு, 70 நாளிலேயே பூக்கத் தொடங்கின. பெருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மலையில் ஒரு தண்டுக்கு 15 மொட்டு வரை எண்ணுவாராம்; இங்கே 10, 11-ஐத் தாண்டவில்லை. ஆனால் நிறம் மாறவில்லை. வெளிர் ரோஜா, தொண்டையில் சிவப்பு. முதல் பூ விரிந்த அன்று பாட்டி அதிகம் பேசவில்லை. நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தேநீர் குடித்தார்.

அடுத்த ஆண்டு, தீபாவளி முடிந்து இரண்டு வாரம் பொறுத்து நவம்பர் நடுவில் நட்டோம். பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு முதல் பூ மலர்ந்தது. மலைக்கான கணக்கு, சமவெளிக்கு இப்படித் திருத்தப்பட்டது.

நான்கு இலையாவது மிச்சம் இருக்கட்டும்

அடியில் உள்ள ஒன்றிரண்டு மொட்டுகளில் நிறம் தெரிந்ததுமே பூத்தண்டை வெட்டலாம். மற்றவை ஜாடியில் தாமாக மலரும். காலை நேரத்தில் வெட்டி, தண்டை நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் புவியீர்ப்புக்கு எதிர்த்திசையில் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். பள்ளியில் படித்த பாடத்தை வீட்டு மேசையிலேயே பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி பெருநாள் ஜாடிக்கு நீளமான தண்டாகக் கேட்டார். பாட்டி கத்தியோடு போய், ஒரே ஓர் இலை மட்டும் சேரும்படி வெட்டிக் கொடுத்தார். தண்டு குட்டையாகத்தான் இருந்தது. "இலை கிழங்கோட சோறு. அதையும் வெட்டிட்டா அடுத்த வருஷம் அது எதைத் தின்னும்?" என்று என்னிடம் கேட்டார். பாடநூலும் இதையே சொல்கிறது. பூ வெட்டிய பின் செடியில் குறைந்தது நான்கு இலையாவது இருக்க வேண்டும். அந்த இலைகள் தயாரிக்கும் உணவுதான் புதிய கிழங்கை நிரப்புகிறது.

ஜாடியில் குழாய் நீருக்குப் பதிலாக மழைநீர் ஊற்றுங்கள். பற்களின் பாதுகாப்புக்காக நம் நாட்டின் பல மாநிலங்களில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். நமக்கு நன்மை செய்யும் அந்த அளவே வெட்டிய கிளாடியோலஸைப் பாதிக்கக்கூடும். ஃபுளோரைடு அவ்வளவு சீக்கிரம் இந்தச் செடியின் இலை நுனியைக் கருக்கிவிடும் என்பதால்தான், தொழிற்சாலைகளுக்கு அருகே காற்றில் ஃபுளோரைடு மாசு உள்ளதா என்று கண்டறிய கிளாடியோலஸை நட்டுக் கண்காணிக்கும் முறை உண்டு.

குளிர்சாதனப்பெட்டிக்குள் ஒரு குளிர்காலம்

பூ முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். அப்போது நீரைக் குறைத்துவிட்டு, வெயிலான ஒரு நாளில் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டும். தண்டைக் கிழங்கை ஒட்டி வெட்டிவிட்டு, காற்றோட்டமான நிழலில் இரண்டு, மூன்று வாரம் உலர்த்த வேண்டும். நன்றாக உலர்ந்தால் அடியில் ஒட்டியிருக்கும் பழைய கிழங்கு கையோடு கழன்று வந்துவிடும்.

மலையில் இருந்தபோது பாட்டி கிழங்குகளை வலைப்பையில் போட்டுக் கூரைச் சட்டத்தில் தொங்கவிடுவார். இரவுக் குளிரே போதுமானதாக இருந்தது. கிள்ளானில் இரவிலும் வேர்க்கிறது. புதிதாக எடுத்த கிழங்கு உறக்க நிலையில் இருக்கும்; எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உடனே முளைக்காது. ஏறக்குறைய 4 அல்லது 5 பாகை செல்சியஸ் குளிரில் மூன்று மாதம் வைத்தால் உறக்கம் சீராகக் கலையும். அந்தக் குளிர், வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் காய்கறித் தட்டில் கிடைக்கிறது.

பாட்டி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஐஸ் பொட்டில வெச்சா செத்துரும் புள்ள" என்றார். அப்போது எங்களிடம் 39 கிழங்குகள் இருந்தன. பிழைத்த 37 செடிகளில் இரண்டு மட்டும் இரட்டைக் கிழங்கு கொடுத்திருந்தன. உறைபனித் தட்டு வேறு, காய்கறித் தட்டு வேறு என்று விளக்கி, ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்றேன். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 29 கிழங்குகள் காகிதப் பையில் குளிர்சாதனப்பெட்டிக்குப் போயின. பாட்டி விரும்பிய பத்து, கூடையில் கட்டிலுக்கடியில் இருந்தன.

நவம்பர் வந்தபோது முடிவு தெரிந்தது. குளிரில் இருந்த 29-இல் 28 இரண்டு வாரத்துக்குள் முளைத்தன, 26 பூத்தன. கூடையில் இருந்த பத்தில் மூன்று சுருங்கிக் காய்ந்துவிட்டன. இரண்டு, ஆகஸ்டு மாதமே கூடைக்குள் முளைவிட்டு வீணாயின. மிச்சம் ஐந்தை நட்டோம். ஆளுக்கொரு நேரத்தில் முளைத்தன, இரண்டுதான் பூத்தன. பத்துக் கிழங்குகளை வைத்துச் செய்த சிறு சோதனைதான். ஆய்வுக் கட்டுரையில் இது நிற்காது. பாட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த ஆண்டு எல்லாக் கிழங்குகளையும் அவரே எண்ணிக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். கீரைக்கு இடமில்லை என்று இப்போது குறைப்படுவது அம்மா மட்டும்தான்.

எதிரிகள் இவர்கள்

இலையில் வெள்ளிக்கோடு போலத் தெரிந்தால் அது இலைப்பேனின் வேலை. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இந்தப் பூச்சி, கிழங்கின் தோலுக்கடியில் ஒளிந்துகொண்டு அடுத்த பருவத்துக்கும் வந்துவிடும். குளிரில் சேமிப்பது அதையும் அடக்குகிறது. கட்டிலுக்கடியில் இருந்த கூடையில் அது பெருகியிருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன்.

ஃபியூசேரியம் என்ற பூஞ்சை கிழங்கை அழுகச் செய்யும். மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஆகவே பழுப்புப் புள்ளி விழுந்த, மென்மையான கிழங்குகளை இரக்கமின்றி அகற்ற வேண்டும். ஒரே பாத்தியில் தொடர்ந்து நடக் கூடாது. இடமில்லாத நாங்கள் மேட்டுப்பாத்தியின் மண்ணையே மாற்றினோம். அவரைக் குடும்பச் செடிகளுக்குப் பக்கத்திலும் நட வேண்டாம். அவற்றைத் தாக்கும் ஒரு நச்சுயிரி கிளாடியோலஸுக்கும் பரவும். அசுவினிப் பூச்சிகள் அதைச் சுமந்து வரும். பாட்டியின் பயற்றங்காய்ப் பந்தல் இப்போது வீட்டின் முன்பக்கம் போய்விட்டது.

31 கிழங்கும் ஒரு பெட்டி நம்பிக்கையும்

உண்மையான நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 42 கிழங்கோடு தொடங்கினோம். இன்று குளிர்சாதனப்பெட்டியில் இருப்பவை 31. மலையில் 5 சென்டிமீட்டர் அகலம் இருந்தவை இங்கே 4 சென்டிமீட்டராகச் சிறுத்துவிட்டன. வெப்பத்தில் செடி சீக்கிரம் பூத்து, சீக்கிரம் முடிந்துவிடுவதால் சேமிப்பு குறைகிறது. இப்படியே போனால் சில ஆண்டுகளில் எதுவும் மிஞ்சாது.

அதனால்தான் குட்டிக் கிழங்குகள். முதல் அறுவடையில் ஒரு சிரட்டை நிறையக் கிடைத்தன. அவற்றில் அறுபதை ஒரு வெண்ணுரைப் பெட்டியில் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டோம். முதல் பருவத்தில் புல் போல இலை மட்டும் விட்டன. பூக்கும் அளவுக்குப் பருக்க இரண்டு, மூன்று பருவம் ஆகும். கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை அது. அவற்றில் பெரியவை இப்போது கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டன. 31 என்ற எண் மறுபடியும் ஏற வேண்டுமென்றால் அவைதான் ஏற்ற வேண்டும்.

2025-ஆம் ஆண்டின் கணக்கில் இன்னொரு மாற்றமும் உண்டு. தீபாவளி அக்டோபர் 20. சீனப் பெருநாள் 2026 பிப்ரவரி 17. இடைவெளி 90 அன்று, 120 நாள். சீன நாள்காட்டியில் 2025-இல் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டதே காரணம். தீபாவளியை வைத்து நட்டால் பூ முந்திவிடும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, அவர் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அமாவாசைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். டிசம்பர் முதல் வாரம் என்று முடிவாகியிருக்கிறது.

வீட்டில் ஒரு மீட்டர் வெயில் இருந்தால் நீங்களும் முயலலாம், நண்பர்களே. தொட்டி போதும், ஆழம் 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும். ஐந்து கிழங்கோடு தொடங்குங்கள். பூ மலர்ந்த நாளில் படம் எடுப்பவர்கள் நிறையப் பேர். அது உதிர்ந்த பிறகும் எட்டு வாரம் தண்ணீர் ஊற்ற நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.